ஏழாவது பாட்டில் ஒரு மூச்சு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. கடிதம் என்றால் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் சும்மா இருக்கும்போதாவது பிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். நீயும் அத்தானும் நலம்தானே?

நம் ஆல்பம் வெளிவந்ததிலிருந்து ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு பத்திரிகை தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. இன்னொன்றில் ஒருவர், ஊரார் ஏற்கெனவே பாடிய பாட்டையெல்லாம் எடுத்துப் பாட இந்த அக்கா தங்கை பாப் ஜோடிக்கு என்ன அவசியம் என்று கேட்கிறார். பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்த முன்பின் தெரியாத இருவர் மாதிரி, ஒருவரை ஒருவர் இடிக்காமல் பாடுகிறோமாம். அம்மாவாவது நல்லதாக நாலு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தால், முழுவதும் கேட்டுவிட்டு, "அடுத்தவங்க சட்டையைப் போட்ட மாதிரி இருக்குடி. அளவு என்னவோ சரியாத்தான் இருக்கு" என்றாள்.

ஆனால் திட்டியவர்களைத் தவிர எல்லோரும் ஒரே இடத்தைப் புகழ்கிறார்கள். ஏழாவது பாட்டில், கடைசி சரணத்துக்கு முன்னால் நாம் சேர்ந்து இழுக்கிற மூச்சு. நீ வேறொரு நாள் தனியாக வந்து பாடிவிட்டுப் போனாய், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் பழையபடி எனக்காக ஒரு நொடி நின்றிருக்கிறாய். நான் எப்போதும் தாமதமாகத்தானே மூச்செடுப்பேன்? கேட்டு அழுதுவிட்டேன்.

போன வருஷம் மேடையிலிருந்து பாதியில் இறங்கிப் போனாயே, அந்தக் கோபம் போய்விட்டதா? ஆல்பம் போட்ட கம்பெனிக்காரர் நாம் பாட ஜூனில் அரங்கம் பிடித்து வைத்திருக்கிறார். வருவாயா அக்கா?

உன் வாலு

மார்ச் 15

அன்பு வாலுவுக்கு,

நலம். அத்தானுக்கு முதுகு வலி மட்டும் விட்டபாடில்லை.

இங்கே டாக்டரம்மா நம் ஆல்பத்தை நோயாளிகள் காத்திருக்கும் அறையில் போட்டுவிடுகிறார். கன்னம் வீங்கிய ஒருவர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். யார் பாடுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த மூச்சைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். நான் பாடியபோது ஒலிப்பதிவுக்காரர் நிறுத்தி, "மேடம், நீங்க நிக்கவே இல்ல. தங்கச்சி வர்றதுக்குள்ள போயிடறீங்க" என்றார். திரும்பத் திரும்பப் பாடினேன். நிற்க வரவில்லை. கடைசியில் அவர் நம் முதல் ஆல்பத்திலிருந்து ஒரு மூச்சை வெட்டி ஒட்டினார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

கோபம் எதுவும் இல்லை. இருந்தால் என்றைக்காவது தணியும். உன்னோடு பாடுகிற ஆசையே எனக்குள் இல்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நமக்கென்று ஒரு பாட்டு எழுத வராமல்தானே ஊரார் பாட்டுக்குப் போனோம்? ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஒரு ஆல்பத்தை முடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். திட்டி எழுதினாரே, அவருக்கு நல்ல காது.

ஜூனில் என்னை எதிர்பார்க்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நீ பொய் சொல்கிறாய் என்று ஒலிப்பதிவுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அந்த மூச்சை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினார். அதற்குப் பின்னால் லேசாக நான் சிரிப்பது கேட்கிறது. சீக்கிரம் மூச்செடு என்று என்னைக் கிள்ளுவாயே, அந்தச் சிரிப்பு.

அரங்கத்துக்கு டிக்கெட் விற்றுவிட்டதால் நிகழ்ச்சியை விட முடியாது என்கிறார் கம்பெனிக்காரர். உன் குரலைப் பதிவிலிருந்து போட்டுக்கொண்டு நான் மட்டும் நின்று பாட வேண்டும். சரி என்றேன். வேறு வேலை எனக்கு என்ன தெரியும்?

ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒட்டிய மூச்சை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். இப்போது ஏழாவது பாட்டில் நீ நிற்காமல் போய்விடுகிறாய். நான் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

அம்மா உன்னைக் கேட்டாள். நலம் என்று சொன்னேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கை