படகில் வந்த ரத்தம்

பிப்ரவரி 6, செவ்வாய்

லுவாபு தீவுப் பெண்களின் முடிவுகள் முழுதாக வந்துவிட்டன. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் கரைந்துகிடக்கும் நூற்றுக்கணக்கான சிறு பொருள்களை அளப்பது எங்கள் வேலை. எங்கள் ஆய்வகம் இருக்கும் என்டெபே ஊர்ப் பெண்கள் எல்லாரும் திரையில் புள்ளிகளாக ஒரு பக்கம். தீவுப் பெண்கள் தனிக் கூட்டமாக மறுபக்கம். சர்க்கரை குறைவு, லாக்டிக் அமிலம் ஏகப்பட்டது.

ஆய்வை நடத்தும் டாக்டர் முகலாசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஸ்பெசி, அந்தத் தீவுல என்னமோ இருக்கு. மீனோ, தண்ணியோ, எதுவோ!" ஜூனில் நைரோபி மாநாட்டில் இதைத்தான் பேசப்போகிறார். எல்லாருக்கும் சமோசா வந்தது. நானும் சந்தோஷமாகத்தான் தின்றேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

தீவிலிருந்து நர்ஸ் கெவினா போன் செய்தாள். சர்க்கரை குறைவு என்று நாங்கள் முதலில் அனுப்பிய முடிவைப் பார்த்ததிலிருந்தே பெண்களுக்கு இனிப்பு டீ குடிக்கச் சொல்லிவருகிறாளாம். நல்லது என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நான் இப்போது எழுதுவது எனக்கே கோர்வையாக வரவில்லை.

அடுத்த சுற்று ரத்தம் எடுக்கத் தீவுக்குப் போனேன். நபோசா என்றொரு பெண், ஏழு மாதம். கரையில் வலை விரித்துச் சின்ன வெள்ளிமீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே ரெண்டு தரம் எழுந்து கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்து செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். "இந்தப் புள்ள ஏரியையே குடிச்சிடும்போல" என்று சிரித்தாள். போன பிள்ளை மிகப் பெரிதாகப் பிறந்து, மறுநாளே போய்விட்டது என்பதையும் அதே சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டாள்.

ஓயாத தாகம், அடிக்கடி கழிப்பறை, பெரிதாகப் பிறந்த பிள்ளை: எல்லாம் சர்க்கரை நோயின் அடையாளம். கெவினாவிடம் விரல்குத்திச் சர்க்கரை பார்க்கும் பட்டை தீர்ந்து வெகுநாளாகிறது. என் பையில் இருந்தது. குத்திப் பார்த்தேன். எக்கச்சக்கச் சர்க்கரை. கையில் டீ ஒட்டியிருக்கும் என்று கழுவச் சொல்லி மறுபடி குத்தினேன். அதேதான்.

எங்கள் முடிவில் இவளுக்குச் சர்க்கரை குறைவு!

"டீயை நிறுத்துங்க. எங்களோட படகுல வாங்க, பெரிய ஆஸ்பத்திரில காட்டணும்."

"அன்னிக்குக் கம்மின்னீங்க. இன்னிக்கு ஜாஸ்திங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?" வர மறுத்துவிட்டாள்.

படகு வரத் தாமதம். மணலில் உட்கார்ந்திருந்தேன். ரத்தக் குழாய்ப் பெட்டி பக்கத்தில், உள்ளே பனிக்கட்டி எப்போதோ தண்ணீராகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் - அப்புறம்தான் உறைத்தது. உடம்பை விட்டு வந்த ரத்தம் செத்துப்போவதில்லை. குழாய்க்குள்ளும் அதன் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், லாக்டிக் அமிலத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மிஷினில் சுழற்றிச் செல்களைப் பிரித்தெடுத்தால்தான் நிற்கும். என்டெபே பெண்களின் ரத்தத்தை அடுத்த அறையிலேயே சுழற்றிவிடுகிறோம். தீவு ரத்தம் வெயிலில் காத்துக்கிடந்து, ஏரியைக் கடந்து, லாரியேறி வருகிறது.

அப்படியானால் நாங்க அளந்தது எதை? இந்தப் பொம்பளைங்களையா, அந்தப் படகையா?

பிப்ரவரி 22, வியாழன்

என் கையிலிருந்தே எடுத்தேன். ஒரு குழாயை உடனே சுழற்றினேன். இன்னொன்றை ஜன்னல் ஓரம் சாயங்காலம்வரை விட்டுவைத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

திரையில் என் ஜன்னல் ஓரக் குழாய் தீவுக் கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது.

முகலாசியிடம் சொன்னேன். கையிலிருந்த தாளை மேசைமேல் எறிந்தார். "ரெண்டு வருஷ வேலை, ஸ்பெசி. உன் ஒருத்தியோட ரத்தத்தை வச்சுத் தூக்கிப் போட்டுடுவியா?"

"நபோசாவோட விரல்லயும் பார்த்தேன், சார்."

சட்டைக் கையை மடித்தார். "எனக்கும் எடு."

மார்ச் 1, வியாழன்

"நானும் லுவாபுக்காரனாயிட்டேன்" என்றார் முகலாசி, தன் ரத்தத்தின் முடிவுத் தாளைப் பார்த்தபடி. யாரும் சிரிக்கவில்லை. நைரோபிக்கு வரவில்லை என்று தானே போன் செய்து சொன்னார். பாவமாக இருந்தது.

மார்ச் 6, செவ்வாய்

தீவுக்கு முகலாசியே வந்தார். படகில் இரண்டு முறை வாந்தி. கரையில் பெண்களைக் கூட்டி, "தப்பு எங்க வேலைல. உங்க ரத்தத்துல இல்ல, உங்க மீன்ல இல்ல" என்றார். பின்வரிசையில் ஒருத்தி, "அப்ப எங்க ரத்தத்த வழியில கெட வச்சிட்டு எங்களையே கெட்டவங்கன்னீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

நபோசா எல்லாருக்கும் பின்னால் நின்றாள். "டாக்டர், உங்க பொண்டாட்டியா இருந்தா என்ன செய்வீங்க?"

"இந்தப் படகுலயே கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஒரு துணிமூட்டையோடு வந்து ஏறினாள். வழி முழுக்க முகலாசி வாந்தியெடுத்தார். அவள்தான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஏப்ரல் 14, சனி

நபோசாவுக்கு அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயின் அதிகச் சர்க்கரைக்குப் பழகிய உடம்பு, பிறந்ததும் அதற்குச் சர்க்கரை திடீரென இறங்கிவிட்டது. ஆனால் பக்கத்திலேயே காத்திருந்தார்கள், ஊசி வழியே சர்க்கரை ஏற்றினார்கள். போன பிள்ளைக்கு அப்படி யாரும் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 20, வெள்ளி

தீவிலேயே சுழற்றி, உறையவைத்துக் கொண்டுவந்த முதல் தொகுதி. திரையில் யார் தீவு, யார் என்டெபே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாங்கள் கொடுத்த பட்டையால் கெவினா மற்றவர்களையும் விரல் குத்திப் பார்த்துவிட்டாள். இன்னொருத்திக்கும் சர்க்கரை அதிகம். அவளையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள்.

மே 12, சனி

தீவில் வேலை முடிந்து நபோசா வீட்டுக்குப் போனேன். குழந்தை வாசல் பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. குனிந்தேன்.

"ரத்தம் எடுக்க வந்தியா?"

"இல்ல. சும்மாதான்."

என் கைகளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"சும்மான்னா தூக்கு. நான் போய்க் குளிச்சிட்டு வரேன்."

நிதானமாகத்தான் குளித்தாள்.