அப்பாவுக்கு வைத்த மூங்கில்

அச்சரப்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கீர்த்தனாவுக்கு அம்மா எழுதுவது. டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உனக்குப் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. எனக்கு ஒன்றுமில்லை, அப்பாதான் நன்றாக இல்லை. போனில் இதையெல்லாம் பேச முடியவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து யாரைப் பற்றிப் பேசுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதனால் எழுதி, ஆட்டோக்கார ஸ்டான்லியை விட்டுப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன்.

போன மாதம் மட்டும் மூன்று தடவை தோட்டத்து வழியாக வெளியே போய்விட்டார். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் மத்தியானம் ஆனால் தோளில் பையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்கு நேரமாச்சு என்கிறார். மூன்றாவது தடவை ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று வருகிற லாரிக்கெல்லாம் விசில் ஊதிக்கொண்டிருந்தாராம், ஸ்டான்லிதான் பார்த்துக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். பின்பக்க முள்கம்பியில் நுழைந்ததில் கால் கிழிந்து ஆறு தையல். சுவர் எழுப்பலாம் என்றேன், ஜெயில் மாதிரி இருக்கும்மா, மூங்கில் வையுங்கள் என்றாய். சரி என்று கிளம்பினேன், அவரை யாரிடம் விடுவது, கூடவே கூட்டிக்கொண்டு போனேன்.

நான் ஒரு கூறுகெட்டவள், மூங்கில் என்றதும், கன்று வாங்கப் போகாமல், கழி விற்கிற செங்கல்பட்டு மூங்கில் கடையில் போய் இறங்கிவிட்டேன். வீட்டுக்குப் பச்சை மூங்கில் வேணும் என்றேன். கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டு, எத்தினி மணிக்குமா எடுக்கறீங்க என்று கேட்டார். மூங்கிலைத்தான் கேட்கிறார் என்று, இப்பவே எடுத்துக்குறோம், ஆட்டோ நிக்குது என்றேன். ஆம்பளையா பொம்பளையா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, பாடை கட்டத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதற்குள் உங்கப்பா, ஆம்பளதான்பா, அறுவத்தொம்போது வயசு, நல்ல கழியா பாத்துக் குடு என்றார். வயதைச் சரியாகச் சொன்னார் கீர்த்தனா, உன் பெயர் வாரத்தில் இரண்டு நாள்தான் அவருக்கு ஞாபகம் வருகிறது. ஒன்றும் வாங்காமல் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். அழாதக்கா, அவுருக்கு இன்னா தெரியும் என்றான் ஸ்டான்லி. தெரியாது என்றுதான் நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு நம் ஊர் நர்சரி லக்ஷ்மிநாராயணனிடம் போனோம். நீ அனுப்பிய மஞ்சள் மூங்கில் படத்தைக் காட்டினேன். இது மாமல்லபுரம் ரிசார்ட்டுல வெக்கறது, பாக்கத்தான் அழகு, நடுவுல ஆளே பூந்து போவலாம் என்று சிரித்தார். வேலிக்கு என்றால் முள்மூங்கில்தானாம், நாய்கூட நுழையாதாம். ஆனா கைய வுட்டாருன்னா சதை பிஞ்சிகினு வரும், யோசிச்சுக்கமா என்றார். அந்த ஆறு தையல் கண் முன்னால் வந்தது, எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் முள்ளில்லாத கல்மூங்கில் எடுத்தேன். உள்ளே கெட்டியாக இருக்குமாம், நெருக்கி வைத்தால் அடைத்துக்கொள்ளுமாம், ஆனால் அதற்கு மூன்று வருஷம் ஆகும் என்கிறார். நமக்கு மூன்று வருஷம் இருக்கிறதா என்று நர்சரிக்காரரிடம் கேட்க முடியுமா.

நட்ட அன்று அப்பா கன்றுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். இது இன்னாத்துக்கு, என்னிய அடைச்சி வெக்கவா என்று கேட்டார். அழகுக்கு என்று பொய் சொன்னேன். இன்னொரு கன்றைத் தடவிக்கொண்டே, முள்ளு இல்லாததா பாத்து வெச்சியே, அது போதும் என்றார். எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. எவ்வளவு தெரியும், எவ்வளவு நேரம் தெரியும் என்பதுதான் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. இப்போது கேட்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறேன், தோட்டத்துப் பக்கம் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மூங்கில் அடைகிற வரைக்கும் நான்தான் வேலி.

குளிரில் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ, ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், குலசாமி உன்னைக் காப்பாற்றட்டும். டிசம்பரில் வருகிறேன் என்று போன வருஷமும் சொன்னாய். எடுக்கும்போது வந்து நிற்பதற்கு நீ வேண்டாம், அதற்கு ஊரே இருக்கிறது. அவர் வாயில் உன் பெயர் வருகிறபோதே வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கஸ்தூரி ஜெகதீசன்