கை பேசாத மண்டலம்

ஜூன் 14, சனி

பஸ்ஸில் இன்று கண்டக்டர் வேலைக்கு எனக்குப் பதில் ஆள் போட்டுவிட்டு, மகள் இசைவாணியைக் கடலூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். ஆபரேஷன் முடிந்து, காதுக்குப் பின்னால் மெஷின் வைத்து நான்கு மாதம் ஆகிறது. பிறந்தபோது ஆசை ஆசையாகப் பெயர் வைத்தோம். காது கேட்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது ஆறு வயது.

டீச்சர் சொன்னார்: "கையக் கட்டிக்கிட்டுப் பேசுங்க சார். நீங்க கையக் காட்டுனா அது வாயத் தொறக்காது."

சிதம்பரம் திரும்பியதும் எழிலரசியும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். ஒரு மண்டலம். வீட்டில் யாரும் கை ஜாடை காட்டக் கூடாது. மாலை போட்டால் கவிச்சி இல்லாமல் இருக்க முடிகிறதே, இது முடியாதா? எழில் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். நான் குழந்தையின் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக் காட்டினேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

ஜூன் 17

'ப்பா' என்றாள். தண்ணீருக்குத்தான் சொன்னாள். இருக்கட்டும், 'ப்பா' தானே. ஒரு சொம்பு நிறையக் கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

எழிலின் தம்பி செம்பியன் புவனகிரியிலிருந்து வந்தான். வாசலில் செருப்பை விடும்போதே இசைவாணி மூக்குக்குக் கீழே இரண்டு விரலை வைத்து இழுத்தாள். மீசை. அவள் அகராதியில் அதுதான் மாமா. எழிலுக்கு மூக்குத்தியைத் தொடுவாள். எனக்கு வாயருகே விசில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே வைத்தது.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னா மாமா இது? புள்ள என்னையக் கூப்புடுது. அதக்கூட வேணாங்கிறீங்களா?"

"வாயால கூப்புடட்டும் மச்சான்."

"அது வரைக்கும் நான் யாரு அதுக்கு?"

சாப்பிடாமல் போய்விட்டான். எழிலுக்கு என் மேல் கோபம். எனக்கு மட்டும் ஆசையா? ஊர் வாயில் விழுந்து எழப் போவது என் பொண்ணு. நாளைக்குக் கடையில் போய்க் கையை ஆட்டிக்கொண்டு நின்றால் யாருக்குப் புரியும்?

ஜூலை 3

புதுச்சத்திரம் தாண்டியதும் எதிரே வந்த பஸ் டிரைவர் உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் அசைத்தார். முன்னால் செக்கிங். படியில் தொங்கியவர்களை உள்ளே தள்ளினேன். எங்கள் டிரைவர் கலியமூர்த்தி அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் விரதம் அவருக்குத் தெரியும்.

"ஏம்ப்பா, அவுரு வாயத் தொறக்கவே இல்லியே, ஒனக்கு எப்புடிப் புரிஞ்சுது?"

அது தொழில் அண்ணே, பேச்சு இல்லை என்றேன். சொன்னதிலிருந்து குடைகிறது. அப்போ எதுதான் பேச்சு? நாள் முழுக்க 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், ஒரு ஆள் நகர்வதில்லை. அது பேச்சா? தாய்மொழி தாய்மொழி என்கிறோம். தாய் கையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு எது தாய்மொழி? — ஒன்றும் விளங்கவில்லை. படுக்கிறேன்.

ஜூலை 10

இப்போதெல்லாம் சொல்லவே வேண்டாம். தானாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காருகிறாள். "எவ்ளோ அடக்கமான புள்ள" என்கிறார் பக்கத்து வீட்டு சௌந்தரம் அக்கா. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நான் கேட்டதுதானே நடக்கிறது?

ஜூலை 14

நேற்றே நொண்டினாள். என்னம்மா என்று வாயால் கேட்டோம். வாயால்தானே கேட்க வேண்டும்! உதட்டை அசைத்தாள், சத்தம் வரவில்லை. செருப்புக் கடிக்குது போல என்று விட்டுவிட்டேன். காலையில் நெருப்பாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் கருவேல முள், உள்ளே ஒடிந்து சீழ் கட்டியிருக்கிறது.

"எத்தினி நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். நேற்றுதான் நொண்டினாள் என்றோம். நர்ஸ் குனிந்து, எங்க வலிக்குது பாப்பா, காட்டு என்றார். இசைவாணி காட்டவில்லை. என்னைப் பார்த்தாள். கை பின்னால்தான் இருந்தது. அவுக்கட்டுமான்னு என்னையக் கேக்குறா. அய்யோ, வலியச் சொல்றதுக்குப் பெத்த அப்பன்கிட்ட உத்தரவு கேக்குதே எம்புள்ள. நான் என்னா மனுசன்.

ஜூலை 19, சனி

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பயிற்சி குடுக்குற அரை மணி நேரத்துக்குத்தான சார் சொன்னேன்! நாள் பூராவா? விரதமா இது?"

விரதமாகத்தான் எடுத்துக்கொண்டோம். எதைச் செய்தாலும் கும்பிட்டுச் செய்துதானே பழக்கம். ஆனால் பாதியில் விட்டால் சாமி குற்றமோ என்று எழில் பயப்படுகிறாள். எந்தச் சாமி இதைக் கேட்டது? விட்டாச்சு.

ஜூலை 27

மச்சானிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். இன்று வந்தான். மீசையை அவனே இழுத்து இழுத்துக் காட்டினான். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 2

கால் ஆறிவிட்டது. கை இன்னும் பின்னால்தான்.

ஆகஸ்ட் 16, சனி

பயிற்சி முடிந்து எங்கள் பஸ்ஸிலேயே திரும்பினோம். ஏறியதும் நான் வேலையில் இறங்கிவிட்டேன். அவளை முன் சீட்டில் உட்கார வைத்திருந்தேன். ஆலப்பாக்கத்தில் ஜன்னல் சீட்டுக்காக இரண்டு அம்மாக்களுக்குச் சண்டை. ஒருத்தர் கூடையிலிருந்து கத்தரிக்காய் உருண்டு ஓட, இன்னொருத்தர் அதை மிதித்துவிட, ஒரே ரகளை. விலக்கிவிட்டுத் திரும்பினால் இசைவாணி என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

கை இரண்டும் முன்னால் இருந்தது.

இல்லாத புடவையைச் செருகினாள், இடுப்பில் கை வைத்தாள், எதையோ உருட்டினாள், காற்றில் யாரையோ குத்தினாள். இடையிடையே தொண்டையிலிருந்து சத்தமும் வந்தது, வார்த்தையாக இல்லை. பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. நான் பார்க்காதது எதையோ பார்த்திருக்கிறாள். பின்னாலிருந்து டிக்கெட், டிக்கெட் என்று சத்தம். சரி சரி என்று தலையாட்டி வைத்தேன்.

கண்டுபிடித்துவிட்டாள். பளாரென்று கன்னத்தில் ஒன்று கொடுத்து, என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.