அடாப்டரில் சந்தனப் பொட்டு

இதை எழுதும்போது என் விரலில் சந்தனம் மணக்கிறது. கோயிலுக்கெல்லாம் போகவில்லை. உன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைஃபை அடாப்டர் மாட்டப் போய் வந்த மணம் இது. யார் செய்த வேலை என்று நான் சொல்லாமலே உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ போனபின் முதல் மழைக்காலத்திலேயே உன் பழைய அடாப்டர் செத்துவிட்டது. கொச்சி மட்டாஞ்சேரியின் உப்புக் காற்றில் எதுதான் தாங்குகிறது? பிடுங்கிப் பார்த்தால் முனை முழுக்கத் துரு. மோடம் முன்னறையில், கம்ப்யூட்டர் பின்னறையில், நடுவே அந்தப் பழைய கனத்த சுவர். வயர் இழுக்கவும் வழியில்லை. உன் வீட்டுக்காரர் அண்ணனோ போனில் வீடியோ கால் வந்தால் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். அயர்லாந்திலிருக்கும் உன் மகன் வாராவாரம் பார்ப்பது அப்பாவின் காதைத்தான்.

போன வாரம் அவன் என்னைக் கூப்பிட்டான். "சித்தி, அப்பா சாப்பிடறாரா, இளைச்சுட்டாரா, ஒண்ணும் தெரியல. இந்த ஞாயித்துக்கிழமையும் முகத்தைப் பாக்க முடியலேன்னா நான் வந்து வீட்டைப் பூட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான். அண்ணனிடம் சொன்னேன். மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதியே தலை நரைத்த மனுஷன், ஜூ டவுன் தெருவைத் தாண்டினாலே மூச்சு முட்டும் அவருக்கு. "நான் எங்கயும் வரமாட்டேன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு உன் நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த வீட்டையும் பூட்டிவிட்டால் நான் யார் வீட்டில் போய் உட்காருவேன், சொல்லு.

எறணாகுளம் போய்ப் புது அடாப்டர் வாங்கி வந்தேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். நான் சாயா குடித்து முடிப்பதற்குள் அண்ணன் அதைப் பூஜை அறைக்குக் கொண்டுபோய்ப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து தந்தார். நானும் பேச்சு மும்முரத்தில் கவனிக்காமல் செருகிவிட்டேன். இன்னதென்று தெரியாத கருவி என்றது கம்ப்யூட்டர்.

சரி, அதை இயங்க வைக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் இல்லை, அதுதான் கோளாறு என்று நினைத்தேன். பெட்டிக்குள் டிரைவர் இருக்கும் குட்டி சிடி ஒன்று இருந்தது. அதைப் போட உன் கம்ப்யூட்டரில் இடமில்லை. நெட்டில் எடுக்கலாமென்றால் நெட் வருவதற்குத்தானே அந்த டிரைவரே! நாம் சேர்ந்து நடத்திய நெட் கடையில் இந்தக் கூத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். நீ செய்வதுபோலவே என் போனை வயரால் கம்ப்யூட்டரில் மாட்டி, போனின் நெட்டைக் கொடுத்தேன். பெட்டியில் இருந்த பெயரைப் போட்டுத் தேடினேன். பக்கம் பக்கமாக வந்தது, எல்லாவற்றிலும் டவுன்லோட் என்று பெரிய பச்சைப் பட்டன்.

பயப்படாதே, அமுக்கவில்லை. கடை திறந்த புதிதில் ஒருமுறை அமுக்கி, திரை முழுக்க ஜோசிய விளம்பரமாக வந்ததே, அதை நீ சாகும்வரை சொல்லிக் காட்டினாய். "டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்த வெள்ளைக்காரிக்கு ராசிபலன் காட்டினவ இவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம். அப்போதுதான் எனக்கு அந்தப் பாடமும் கிடைத்தது. "பெட்டியில இருக்கிறது கல்யாணத்துக்கப்புறம் வெச்ச பேருடீ. உள்ள சிப்புல ஒரு எண் இருக்கு பாரு, அதான் பொறந்த வீட்டுப் பேரு. அதை வெச்சுத் தேடு." உனக்குக் கல்யாணத்தில் பேர் மாற்றிய கோபம் டிரைவர் தேடும்போதுகூடத் தீரவில்லை.

அந்த எண்ணைப் பார்க்கப் போனேன். எண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள். ஏதேதோ டிரைவரை இறக்கிப் போட்டுப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. கடிகாரம் ஓடுகிறது, மகன் கூப்பிடும் நேரம் நெருங்குகிறது. அண்ணன் வாசலுக்கும் பின்னறைக்குமாக நடக்கிறார். "எந்தா, ஆச்சா?" "இல்லண்ணா." "குழப்பமில்லை, நீ மெல்லப் பாரு." அவர் குரலில்தான் குழப்பமெல்லாம் இருந்தது.

கையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது உன் இன்னொரு வசனம் ஞாபகம் வந்தது. "முதல்ல ஊதிப் பாரு, அப்புறம் ஊரைத் தேடு." பூஜ்யம் வந்தால் டிரைவரைக் குறை சொல்லாதே, அந்தக் கருவி இன்னும் வாயே திறக்கவில்லை என்பாய். பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். செருகும் முனைக்குள் மஞ்சளாக, கெட்டியாக, அழகாகக் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது சந்தனம்!

"அண்ணா!" என்று நான் கத்தியதில் அவர் ஓடி வந்தார். "புதுசாச்சே, பொட்டு வைக்காம எப்படி?" என்றார் சின்னப் பிள்ளைபோல. மிக்ஸிக்குப் பொட்டு, மோடத்துக்குப் பொட்டு, உன் புதுக் கீபோர்டில் ஒரு வரிசை முழுக்கப் பொட்டு. "சாமிக்கு நெத்தியில வைங்க, வாய்க்குள்ள வைக்காதீங்க" என்று நீ தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சும் பல்குச்சியுமாகச் சுரண்டி, காயவைத்து, ஊதிச் செருகினேன். டிடிங் என்றது. பூஜ்யங்கள் போய் எண் வந்தது. அதைப் போட்டுத் தேடினால் சிப் செய்த கம்பெனியின் பக்கமே நேராக வந்தது. டிரைவரை இறக்கி, பிரித்து, இந்த ஃபோல்டரில் பார் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டினேன். சின்ன நீல விளக்கு மினுங்கியது. உன் வீட்டு வைஃபை பெயர் திரையில் வந்தபோது அண்ணன் கைகூப்பிவிட்டார்.

மகன் நேரத்துக்குச் சரியாகக் கூப்பிட்டான். நான் ஸ்பீக்கரைத் திருகிக்கொண்டிருந்தேன். அவன் குரல் வந்தது. "அப்பா, ஒண்ணும் தெரியலயே. எல்லாம் மஞ்சளா இருக்கு." நிமிர்ந்து பார்த்தால் கேமராவின் கண்ணிலேயே ஒரு பொட்டு. நான் குனிந்திருந்த நேரத்தில் நன்றிக்கு வைத்திருக்கிறார் மனுஷன்.

மகனுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "ஐயோ அப்பா, அம்மா பாத்தா திட்டுவா" என்றான்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோமென்று அவனுக்கு உறைத்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், உன் முன்னால் நிற்பாரே, அதேபோல. "திட்டு வாங்கி எத்தனை நாளாச்சு மோனே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "உங்களுக்குப் பொட்டு வைக்க வேற இடமே கெடைக்கலயா? விட்டா கரண்டு பிளக்கு ஓட்டையிலயும் வெப்பீங்க போல!" என்று உன் சுருதியிலேயே கத்தினேன். அப்பனும் மகனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். முந்தானையால் கேமராவைத் துடைத்தேன். மகன் அப்பா முகத்தை வெகுநேரம் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கீங்க" என்றான். வீட்டைப் பூட்டும் பேச்சையே எடுக்கவில்லை. பேசி வைக்கும்போது, "சித்தி, அடுத்த வாரமும் வந்து திட்டுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டான். வருவேன் என்றேன்.

அந்த டிரைவரை ஒரு பென்டிரைவில் போட்டு உன் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். உன் திட்டை எதிலும் போட்டு வைக்கவேண்டியதில்லை. அது எனக்கு மனப்பாடம்.