வெங்காயக் கேள்வி

சிவமயம்

அச்சுவேலி
12.02.1983

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பெரியவளின் இருமல் விட்டுவிட்டது. தோட்டத்தில் வெங்காயம் கிண்டத் தொடங்கியாயிற்று. நீங்கள் பொங்கலுக்கு வந்து போனீர்கள்; அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து இந்த வீட்டுக்கு வருவது உங்கள் கடிதம் மட்டும்தான்.

பாராளுமன்றப் பேச்சுகள் அச்சாகி வருகிற ஹன்சார்ட்டை அனுப்பியிருந்தீர்கள், அதுவும் வந்தது. மற்றப் பெண்கள் புருசன்மாரின் சட்டைப் பையைத் துழாவுவார்கள். எனக்கு விதித்தது ஹன்சார்ட். நீங்கள் வர்த்தக அமைச்சரைக் கேட்ட கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். "தேங்காயெண்ணெய்க்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதால், மிளகாய்ப்பழம் ஆயும் பெண்கள் எரிவுக்குக் கையில் பூச எண்ணெயில்லாமல் இருப்பதை அமைச்சர் அறிவாரா?"

அமைச்சர் அறியாவிட்டால் போகட்டும். நீங்கள் எப்படி அறிந்தீர்கள்? பதினாறு வருடமாக அந்த எண்ணெயைப் பூசின கையால்தான் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஏனென்று ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் எம்.பி. ஆன நாள் தொடங்கி, உரத்தின் விலை, தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய், விதை வெங்காயம் எல்லாம் நான் சொல்லித்தான் எழும்பிக் கேட்டீர்கள். இதை நான் சொல்லவில்லை. ஆம்பிளைகளுக்குத் தெரிகிற விசயமும் இல்லை. யார் சொன்னது?

உங்கள்
இராசமலர்


எம்.பி. விடுதி, கொழும்பு
17.02.1983

அன்புள்ள மலருக்கு,

உமது கடிதம் அமைச்சரின் பதிலைவிடச் சூடாக இருந்தது. சொன்னது பத்மாவதி. விவசாயத் திணைக்களத்தில் கணக்கெடுக்கும் பகுதியில் வேலை, ஊர் தெல்லிப்பழை. பெயரை வெளியில் சொல்லாதேயும். அவவின் உத்தியோகம் போய்விடும். கெட்டிக்காரி. கேள்விகளைத் தட்டச்சுச் செய்தே கொண்டுவந்து தருகிறா. "ஐயா, உதுக்கு மினிஸ்டரிட்டைப் பதில் இராது" என்று சிரிப்பா. சொன்னபடியே இராது.

இதில் கோபிக்க ஒன்றுமில்லை. உமக்குத் தோட்டத்தோடும் பிள்ளைகளோடும் வேலை கூட. வெங்காய இறக்குமதி பற்றி நான் கேட்கப் போகிற கேள்வியையும் பத்மாவதியே தயாரிக்கிறா. திணைக்களக் கணக்கின்படி இந்த மாதம் சந்தைக்கு வெங்காய வரத்துக் குறைவாம். அதைக் காட்டித்தான் இறக்குமதிக்கு அனுமதி கொடுக்கிறார்கள். இனி நீர் இதற்காகச் சிரமப்பட வேண்டாம்.

அன்புடன்
சீவரத்தினம்


அச்சுவேலி
24.02.1983

அன்புள்ள அத்தானுக்கு,

"சிரமப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

பத்மாவதி தட்டச்சுச் செய்வா, எனக்கு அது செய்யத் தெரியாது. ஆனால் அவ சிரித்ததையும் எழுதியிருக்கிறீர்கள். நான் கடைசியாகச் சிரித்தது எப்போதென்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்குப் பொறாமைதான், ஒளிக்கவில்லை. அவ அழகோ என்று கேட்கமாட்டேன். நீங்கள் அவவிடம் கேட்கிறீர்கள், அவ சொல்வதை எழுதிக்கொள்கிறீர்கள். அதுதான் எனக்கு எரிகிறது. நான் சொன்னதெல்லாம் சோறு போடும்போது உங்கள் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அந்தத் திணைக்களக் கணக்கு பிழை. எங்கே பிழை என்று எனக்குத் தெரியும். நீங்கள் வேண்டாமென்றபடியால் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கட்சி எம்.பி. செபநாயகம் ஐயா வெங்காயம் செய்கிற கமக்காரரின் கூட்டத்துக்கு வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்து சுகம் விசாரித்தார். கடற்கரை ஊர்க்காரர், வெங்காயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் நிறையக் கேட்டார்.

உங்கள்
இராசமலர்


எம்.பி. விடுதி, கொழும்பு
11.03.1983

மலர்,

நேற்றுக் கேள்வி நேரத்தில் முதலில் நான்தான் எழும்பினேன். அறுவடை நேரத்தில் ஏன் இறக்குமதி என்று கேட்டேன். அமைச்சர் திணைக்களக் கணக்கை வாசித்தார்: வரத்துக் குறைவு, ஆகவே அனுமதி. பத்மாவதி தந்த தாளிலும் அதே கணக்குத்தான். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

அப்போது செபநாயகம் எழும்பினார். மீனையும் வலையையும் தவிர வேறெதையும் பேசாத மனிதர். "கணக்கெடுத்த உத்தியோகத்தர் சந்தைக்கு மட்டும் போனாரா, வீடுகளுக்கும் போனாரா? கிண்டின வெங்காயத்தை ஈரத்தோடு விற்க ஏலாது. பிடிபிடியாகக் கட்டி வீட்டுக் கூரையின் கீழே காயத் தூக்கியிருக்கிறார்கள். அது காய்ந்து சந்தைக்கு வருகிற கிழமையில்தான் உங்கள் கப்பலும் வரும். இதை அமைச்சர் அறிவாரா?"

அமைச்சர் தன் அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்தார். புதிய அனுமதிகளை நிறுத்திவைத்து இருபத்தைந்தாம் திகதி பதில் தருவதாகச் சொன்னார். எல்லாரும் மேசையில் தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் கவனிப்பார்கள்.

அது உமது கேள்வி. "வீடுகளுக்கும் போனாரா" என்று கேட்கிற ஆள் எனக்குத் தெரிய ஒருவர்தான். அந்த மனிதரை எந்தக் கதிரையில் இருத்திச் சொன்னீர்? எவ்வளவு நேரம் இருந்தார்? வெளியே வந்து என் தோளில் கைபோட்டு, "உங்கடை வீட்டுத் தேத்தண்ணி நல்லாயிருந்துது அண்ணை" என்கிறார். எனக்கு நேற்றுச் சோறு இறங்கவில்லை.

இருபத்தைந்தாம் திகதி குறுக்குக் கேள்வி நான்தான் கேட்க வேண்டும். பிடி கட்டித் தூக்கின வெங்காயம் எத்தனை நாளில் காயும்? பத்மாவதிக்குத் தெரியவில்லை. உடனே எழுதும்.

சீவரத்தினம்


சிவமயம்

அச்சுவேலி
16.03.1983

அன்புள்ள அத்தானுக்கு,

அனுமதி நிறுத்தின செய்தி பேப்பரில் வந்தது. பக்கத்துத் தோட்டத்து ஏரம்பு அண்ணை கொண்டுவந்து காட்டி, "தங்கச்சி, இந்தமுறை தப்பீட்டம்" என்று கண் கலங்கினார். படம் செபநாயகம் ஐயாவின் படம். உங்கள் படம் வரவேண்டிய இடம் அது என்று எனக்கும் நெஞ்சு நொந்தது.

ஓம், அந்தக் கேள்வியை நான்தான் கொடுத்தேன். முன் விறாந்தையில் உங்கள் கதிரையில்தான் இருந்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேலே இருந்தார், மாமியும் பக்கத்தில் இருந்தா. கூரை வளையில் தொங்கின வெங்காயத்தை அண்ணாந்து பார்த்து, "இது ஏன் இன்னும் சந்தைக்குப் போகேல்லை பிள்ளை?" என்று அவராகவே கேட்டார். உங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்று வாசிக்கப் பாவமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. எனக்கு ஒரு மாதமாக இறங்கவில்லை.

எத்தனை நாளில் காயும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கலியாணத்துக்குப் பிறகு, தோட்டத்தைப் பற்றி நான் சொல்லாமல் நீங்களாக என்னைக் கேட்ட முதல் கேள்வி இது. இதற்குக் கடிதத்தில் பதில் எழுதமாட்டேன். செபநாயகம் ஐயா வீட்டுக்கு வந்து கேட்டவர். நீங்களும் வந்து கேளுங்கள்.

உங்கள்
இராசமலர்