ஊசி போடாத மாதம்

என் அன்புத் தங்கச்சி,

கண்ணுக்குப் புது மருந்து வைத்தாயிற்று. விழித்திரையில் வேண்டாத இரத்தக் குழாய்கள், வெங்காயப் பாத்தியில் கோரை மாதிரி முளைத்துக் கசிகின்றன. முன்பு மாதாமாதம் ஊசி போட்டார்கள். இப்போது அரிசிக் குறுணையளவு மருந்தைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தோட்டத்துச் சொட்டுநீர் போல அது ஆறு மாதம் ஊறும்.

ஊசியால்தான் கண் சிவக்கிறது என்று உனக்கும் சொல்லி வந்தேன். அந்தச் சிவப்புக்குள் மற்றச் சிவப்பும் மறைந்துகொண்டது.

நேற்றுப் பார்வை மங்கி, தேநீரை உன் அத்தான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஊற்றிவிட்டேன். தலைமயிரைப் பிடித்துக் கதவுநிலையில் மோதினார். பிறகு புட்டுக்குழலால் கண்ணோடு சேர்த்து அடித்தார்.

இன்று பக்கத்து வீட்டு உதயகலா வேலியால் எட்டிப் பார்த்தாள். “டீச்சர், இனி ஊசி இல்லை எண்டனீங்கள். பேந்தென்ன கண் இரத்தமாய்க் கிடக்கு?”

“ஊசிதான் பிள்ளை,” என்றார் அவர் உள்ளேயிருந்து.

“இல்லை,” என்றேன் நான்.

அவள் போன பிறகு, அதற்காக என் இடக்கை விரல்களைக் கதவில் வைத்து நெரித்தார். வலக்கையால் எழுதுகிறேன். போன் அவரிடம் இருக்கிறது. உதயகலா இதைத் தபாலில் சேர்ப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் இணுவில் கோயிலுக்குப் போனதும் வாடகை வான் பிடித்துக்கொண்டு வா. கண் ஆறு மாதம் தாங்கும். நான் வெள்ளிவரை தாங்குவேன்.

உன் அக்கா