முப்பத்தொன்பதாவது வளைவு

அப்பா,

சைக்கிளில் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு இறங்குகிறேன். மரவள்ளிக் கிழங்கு வெந்திருக்கிறது, தாளித்துக்கொள்ளுங்கள். கட்டிலில் கவிழ்த்து வைத்திருக்கும் ரஷ்ய நாவலை மூடிவிடாதீர்கள்.

நேற்று, "ஒத்தையில அந்த ரோட்டுல போகக் கூடாது சாமி, சொன்னாக் கேளு" என்றீர்கள். நானும் கத்திவிட்டேன். நீங்கள் தூங்கிய பிறகு, உங்கள் போனில் நான் ஏற்றிக் கொடுத்த சைக்கிள் ஆப்பைத் திறந்தேன். நான் எங்கே போகிறேன் என்று பார்க்கும்போது பதிவு பட்டனில் உங்கள் கை பட்டிருக்கும் போல; போன ஞாயிறு நீங்கள் போன வழியும் பதிவாகியிருக்கிறது. மலைப்பாதையின் எழுபது வளைவையும் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறியிருக்கிறீர்கள். பைக்கில் யாரப்பா அப்படிப் போவார்கள்? நாற்பதாவது வளைவில் நான் கொய்யா தின்ன நின்ற பத்து நிமிடமும், முப்பத்தொன்பதாவதில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள்.

எங்கேயும் கால் ஊன்றாமல் மேலே வருவதுதான் இன்றைய இலக்கு. எட்டு மணிக்கு அடிவாரத்தில் இருப்பேன். பின்னால் ஒளிந்து வராதீர்கள், கூடவே வாருங்கள்.

மோனிஷா

பைக் சாவி ஷூவுக்குள் இருக்கிறது. ஹெல்மெட் போடுங்கள்.

இலக்கை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். கொய்யா இரண்டு எடுத்திருக்கிறேன், நாற்பதில் நிற்போம்.